லோக்கல் மோட்டார்

"மோட்டார் நல்லாத்தானுங்க இருக்குது. இந்தத் தகட்டை மட்டும் கழட்டிப்போட்டுக் குடுங்க, கடையில வெக்கறனுங்க" என்றார் பம்புசெட் கடை வெங்கடபதி.

அது பொற்கொடி தன் பட்டறையில் செய்த முதல் மோட்டார். பித்தளைத் தகட்டில் அவள் பெயர், கீழே சிங்காநல்லூர், கோயமுத்தூர்.

"எதுக்குங்க கழட்டோணும்?"

"ஊர்ப் பேரைப் பாத்தா, ஓ, லோக்கலான்னு போயிருவாங்க அம்மணி."

லோக்கல் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அந்த இடத்தைச் சேர்ந்தது என்றுதான் பொருள். அதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. வெளியூர்க் கம்பெனி மோட்டார்கள் வந்திறங்கியபோது, இரண்டையும் பிரித்துச் சொல்ல அது கடைவீதிக்கு வந்தது. உள்ளூரில் செய்தவற்றில் சில சீக்கிரம் புகைந்தன. பழி சொல்லின்மேல் ஏறியது. 1996 வாக்கில் ஒருவரை "லோக்கல் ஆளு" என்றால் சண்டைக்கு வருவார்.

"தகடு இருக்கட்டுமுங்க" என்றாள் பொற்கொடி.

"அப்படின்னா சித்திரை முடியறதுக்குள்ள வித்துப் போகோணும். இல்லீன்னா எடுத்துட்டுப் போயிருங்க." மோட்டார், கடையில் அடுக்கியிருந்த பைப்புகளுக்குப் பின்னால் போனது.

சித்திரை வெயிலில் சோமனூர் நஞ்சப்பன் வந்தார். "கம்பெனி மோட்டார் மறுபடியும் கருகிப்போச்சுங்க. வாழை வாடுது. வேற என்ன இருக்குது?"

மற்றதெல்லாம் விற்றுப்போயிருந்தது. "லோக்கல்தானுங்க..." என்று இழுத்தார் வெங்கடபதி.

"அதையாச்சும் குடுங்க. வாழையா வந்து பேரைப் படிக்கப்போகுது?"

நஞ்சப்பன் தோட்டம் மின்கம்பியின் கடைக்கோடியில் இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் அங்கே வோல்டேஜ் இறங்கிவிடும். வோல்டேஜ் குறைந்தாலும் தண்ணீரின் பாரம் குறையாதே! மோட்டார் அதிகக் கரண்ட்டை இழுக்கும், உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருளான காயில் சூடேறிக் கருகும். அந்தக் கம்பெனி முழு வோல்டேஜை நம்பிக் காயில் சுற்றியிருந்தது. பொற்கொடி வளர்ந்ததே அப்படியொரு கடைக்கோடித் தோட்டத்தில்தான். அவள் தடித்த செம்புக் கம்பியில், சுற்றுகளைக் குறைத்துச் சுற்றியிருந்தாள். குறைந்த வோல்டேஜிலும் அது சூடேறாமல் தண்ணீரை இழுத்தது.

வாழை நிமிர்ந்தது. சோமனூரிலிருந்து ஆட்கள் கடைக்கு வந்தார்கள்.

"ஏனுங்க, நஞ்சப்பன் தோட்டத்துல ஓடுதே, அந்த லோக்கல் மோட்டார் இருக்குதுங்களா?"

"கம்பெனி மோட்டாரே வந்திருக்குதுங்க."

"அது நம்மூர்க் கரண்டுக்கு ஆகாதுங்க. லோக்கல்தான் வேணும்."

ஆடி பிறந்தபோது பொற்கொடியின் மோட்டார்கள் டெம்போவில் வந்து கடை வாசலிலேயே இறங்கின. வெங்கடபதி துண்டால் ஒரு தகட்டைத் துடைத்து, வந்தவரிடம் காட்டினார். "அசல் லோக்கலுங்க! நீங்களே படிச்சுப் பாருங்க."

டெம்போவோடு வந்திருந்த பொற்கொடி திருப்புளியை எடுத்தாள். "தகட்டைக் கழட்டிரட்டுங்களா?"

"ஐயோ அம்மணி! அடுத்த லோடுல ஊர்ப் பேரை இன்னும் பெருசா அடிச்சுப்போடுங்க!"