தெரிந்தவர் உட்காரக் கூடாது

சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தம் ஒரு குழாய் வழியே வெளியே வருகிறது. மெல்லிய சவ்வு ஒன்றை உரசிக்கொண்டு போகும்போது கழிவையும் மிகுதி உப்பையும் அந்தப் பக்கம் விட்டுவிட்டு, இன்னொரு குழாய் வழியே உடம்புக்குத் திரும்புகிறது. ஒரு தடவைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம், வாரத்துக்கு மூன்று தடவை, உயிருள்ளவரை. அதனால் ஒரு டயாலிசிஸ் நாற்காலியைச் சில பேர்தான் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ள முடியும். அவர்களில் ஒருவருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவர் இறக்க வேண்டும். அப்போதுதான் வெளியே காத்திருப்பவருக்கு இடம்.

குகன் இதைப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக்கூட விளக்கிச் சொல்வான். தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் நான்காம் ஆண்டு மருத்துவம் படிக்கிறான். எந்த ஏற்பாடும் எப்படி ஓடுகிறது என்று பிரித்துப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது.

மருத்துவ அறவியல் வகுப்பில் டாக்டர் இஸ்ஸதி ஒரு பயிற்சி கொடுத்தார். ஒரு நாற்காலி காலியாகிறது, பலர் காத்திருக்கிறார்கள், யாருக்குக் கொடுப்பது? குகன் மதிப்பெண் அட்டவணை ஒன்றை உருவாக்கினான். வயதுக்கு இவ்வளவு, மற்ற நோய்களுக்கு இவ்வளவு, நம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு இவ்வளவு. அட்டவணையின் கடைசிப் பத்தியில் மதிப்பெண், மருத்துவமனைக்குத் தவறாமல் வருகிறவருக்கு. வராதவரிடம் கொடுத்தால் நாற்காலி வீணாகும் அல்லவா? அவன் விளக்கி முடித்ததும் வகுப்பு கை தட்டியது.

அப்போது யுகேந்திரன் கை தூக்கினான். குகனுடன் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் ஒரே அறையில் தங்கியிருப்பவன், முதலாம் ஆண்டிலிருந்தே நண்பன். அவன் நிதானமாகக் கேட்டான்: "அக்கரையில் நிபோங் திபாலில் இருப்பவர் பஸ் பிடித்து, பட்டர்வொர்த் வந்து, ஃபெரி ஏறி வர வேண்டும். பஸ் வராத நாளில் அவரும் வர மாட்டார். இந்தக் கடைசிப் பத்தியில் நாம் மதிப்பெண் போடுவது ஆளுக்கா, பஸ்ஸுக்கா?"

டாக்டர் இஸ்ஸதியின் முகம் மலர்ந்தது. நகரத்தில் ஓர் அறக்கட்டளை டயாலிசிஸ் நிலையம் நடத்துகிறது, அதன் தேர்வுக் குழுவில் அவரும் ஒருவர். அங்கேயும் இதே பத்தி பல வருடங்களாக இருக்கிறது, யாரும் கேட்டதில்லை என்றார். இந்த ஆண்டு குழுவில் ஒரு மாணவருக்கு இடம் உண்டு. அந்த இடத்தை யுகேந்திரனுக்குக் கொடுத்தார். அவனால் முடியாமல் போனால் குகன்.

"என்னா குகன், மூஞ்சி தே ஓ கொசோங் கசப்பு டீ மாதிரி இருக்கு? ஒரு கரண்டி சீனி போடட்டா?" என்றாள் ஹனா, கேண்டீனில் எதிரே உட்கார்ந்துகொண்டு. அவளும் அதே வகுப்புதான்.

"சும்மா இருலா."

"ரிசர்வும் ஒரு சீட்டுதான். அவனுக்கு டெங்கி வரணும்னு வேண்டிக்க."

குகன் சிரித்தான். வேண்டிக்கொள்ளவும் செய்தான், அரை நொடி. அட்டவணைக்காக வார இறுதி முழுக்கத் தூங்காமல் உழைத்தது அவன். ஒரே ஒரு கேள்வியால் அத்தனையும் யுகேந்திரனுடையதாகிவிட்டது. இப்போது அவன் குளித்துவிட்டுச் சீட்டியடித்தால்கூடக் குகனுக்கு நெஞ்சு காந்தியது. குழுக் கூட்டத்துக்காக அவன் வாங்கிய நீலச் சட்டை கதவில் தொங்கியது. அதைப் பார்க்காமல் இருக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, யுகேந்திரன் குளியலறையில் இருந்தபோது அவன் கைப்பேசி அடித்தது. திரையில் குமுதா சித்தி, யுகேந்திரனுடைய அம்மாவின் தங்கை, நிபோங் திபால்காரர். போன தீபாவளிக்கு இருவரும் அவர் வீட்டில்தான் இருந்தார்கள். குகன் எடுத்தான்.

"யுகேன் இல்லியா? நல்லதாப் போச்சு தம்பி. ஒங்கிட்டயே கேக்கறேன். டவுன்ல அந்த டயாலிசிஸ் சென்டர் எப்படிப்பா? ஆஸ்பத்திரி டாக்டர் என் பேர அங்க அனுப்பிட்டாரு. இங்க பக்கத்துல எடமே இல்லியாம்."

குகன் குளியலறைக் கதவைப் பார்த்தான். "எந்த சென்டர் சித்தி?"

சொன்னார். அதே நிலையம்தான். "யுகேன்கிட்ட சொல்லிடாதப்பா. பரீட்சை நேரம், ஒடஞ்சி போயிருவான். எடம் கெடச்சதும் நானே சொல்லிக்கறேன்."

ரத்தம் எப்படி வெளியே போய்த் திரும்புகிறது, ஊசி எங்கே போடுவார்கள், எவ்வளவு வலிக்கும் என்று குகன் பொறுமையாக விளக்கினான். "நீ சொன்னா பயம் போயிருதுப்பா" என்று சித்தி வைத்துவிட்டார்.

குழுவின் விதி எளிமையானது. கோப்புகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். தனக்குத் தெரிந்த ஒருவர் காத்திருக்கிறார் என்று அறிந்தவர் குழுவில் உட்காரக் கூடாது. அறியாதவர் உட்காரலாம். இந்த ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்பதை குகன் உடனே கண்டுகொண்டான். சித்தி காத்திருப்பது யுகேந்திரனுக்குத் தெரியாதவரை அவன் சுத்தமானவன். தெரிந்த நிமிடமே அந்த இடம் காலி.

சொல்வதற்குக் காரணங்களும் இருந்தன. பிறகு வெளியே தெரிந்தால் யுகேந்திரனின் பெயர் கெடும். குழுவின் மேல் சந்தேகம் விழும். நண்பனுக்குச் சொல்லாமல் மறைப்பது துரோகம். குகன் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எல்லாம் சரியாகவே இருந்தன. மறுநாள் காலை ரொட்டி தின்றுகொண்டே சொன்னான்.

யுகேந்திரன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "சித்திக்கா? எப்பருந்துடா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே டாக்டர் இஸ்ஸதிக்கு, தன்னால் குழுவில் உட்கார முடியாது என்று எழுதி அனுப்பினான். "நல்ல வேள சொன்னடா. தெரியாம உக்காந்துருப்பேன்" என்று குகனின் தோளைத் தட்டிவிட்டு, சித்தியை அழைக்க வெளியே போனான்.

குகன் தன்னிடமிருந்த ஒரே நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டான்.

டாக்டர் இஸ்ஸதி மதியம் அவனை அறைக்குக் கூப்பிட்டார். "யார் என்று நான் கேட்கப்போவதில்லை. யுகேந்திரனிடம் சொன்னது நீதான் என்று எழுதியிருக்கிறான். உனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்களே சொன்னாங்க டாக்டர். எனக்கும் பழக்கம். அவங்க வீட்டுல தங்கியிருக்கேன்."

"அப்படியானால் நீயும் உட்கார முடியாது."

எவ்வளவோ பேருக்கு எவ்வளவோ விளக்கியவனுக்கு இது தோன்றவே இல்லை. போன் வைக்கப்பட்ட அந்த நொடியிலேயே அவன் இடம் போய்விட்டது. காலியாகாமல் இருந்தது யுகேந்திரனின் இடம் மட்டும்தான்.

"அவனிடம் சொல்லும்படி அவர் உன்னிடம் கேட்டாரா?"

"வேண்டாம்னு சொன்னாங்க."

டாக்டர் இஸ்ஸதி குழுவின் பட்டியலில் அவன் பெயரை அடித்தார். பிறகு, அந்த இடத்துக்கு ஹனாவை வரச் சொல்லும்படி சொன்னார்.

கூட்ட நாளன்று ஹனா நிலையத்தின் வாசலில் குகனைப் பிடித்துக்கொண்டாள். யுகேந்திரன் சித்திக்காக ஏதோ விண்ணப்பப் பாரத்தை வாங்க அங்கே வந்திருந்தான், துணைக்குக் குகன். சாலைக்கு அந்தப் பக்கம் நிழலில் நின்ற யுகேந்திரன் இவர்களைப் பார்த்து இப்புறம் வந்தான்.

"குகன், யுகேன் அன்னிக்குக் கேட்டானே, பஸ் விஷயம். உள்ள எல்லாரும் பெரிய ஆளுங்க. எப்படி ஆரம்பிக்கறது, எந்த எடத்துல கேக்கறது? வரிசையாச் சொல்லிக் குடுலா. ஒன்னவிட யாரு நல்லா வெளக்குவா?"

குகனுக்கு அது துல்லியமாகத் தெரியும். கடைசிப் பத்தியைத் திறக்கும் முன்பே கேட்க வேண்டும். மதிப்பெண்ணைக் கூட்டிவிட்டால் யாரும் திரும்பிப் போக மாட்டார்கள். மூன்று வாக்கியம் போதும். ஆனால் அந்த மூன்று வாக்கியமும் இப்போது சித்திக்காகப் பேசுவதாகிவிடும்.

"என்னக் கேக்காத ஹனா."

"யுகேன், நீயாச்சும் சொல்லு."

யுகேந்திரன் தலையை ஆட்டி மறுத்தான்.

"அடப் பாவிங்களா! சீட்டு எனக்கு வந்துருச்சுன்னு ரெண்டு பேருக்கும் எரியுதா?"

"ஆமான்னே வெச்சுக்க" என்றான் குகன்.

அவள் முகம் சுருங்கியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினாள்.

கதவு மூடியதும் யுகேந்திரன் கேட்டான். "சொல்ல வேணாம்னு ஒங்கிட்ட சொன்னாங்களாமே சித்தி. ஏன்டா சொன்ன?"

எல்லாக் காரணங்களும் குகனின் நாக்கு நுனியில் இருந்தன. ஒன்றையும் சொல்ல வரவில்லை. "அந்த சீட்டு எனக்கு வேணும்னு இருந்துச்சு."

யுகேந்திரன் அவனை அடிப்பான் போலத்தான் இருந்தது. ஆனால் மூடிய கதவின் பக்கம் திரும்பினான்.

"ஹனா பஸ் விஷயத்தக் கேப்பாளாடா?" என்றான் கடைசியில்.

"தெரியல."

உள்ளே போய்ச் சொல்ல இருவராலும் முடியாது. கதவு திறக்கும்வரை வாசலிலேயே நின்றார்கள், ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பாமல்.