காந்தத்தை அணைத்த பிறகும்

தங்கையின் கணவனைத் தன் ஆய்வகத்தில் சேர்த்துவிட்டதே அக்காதான். "கெட்டிக்காரர் சார், ஒரு தடவை சொன்னா போதும்" என்று பேராசிரியரிடம் வாக்குக் கொடுத்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்கிறோம் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

நகத்தைவிடச் சிறிய காந்தப் படலம். அதன் மேல் தலைமுடியைவிட மெல்லிய இரண்டு தங்கக் கோடுகள், அவைதான் ஆன்டெனாக்கள். ஒன்றில் மைக்ரோவேவை அனுப்பினால் படலத்துக்குள் காந்தம் நடுங்கும்; அந்த நடுக்கம் அலையாக ஓடி மற்ற ஆன்டெனாவில் வந்து சேரும். அதுதான் ஸ்பின் அலை. கோடுகளை வரைந்தவள் அக்கா. அளந்தவர் மாப்பிள்ளை.

பல மாதங்கள் ஒன்றும் தேறவில்லை. கோடுகளை இன்னும் நெருக்கி வரைந்து கொடுத்துவிட்டு அக்கா வெளியூர் போயிருந்த வாரத்தில் திடீரென்று பலமான அலை கிடைத்தது. அவள் திரும்புவதற்குள் மாப்பிள்ளை கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பியே விட்டார். அவருக்கு நிரந்தர வேலை என்று பேச்சும் அடிபட்டது.

அக்கா சந்தோஷமாகத்தான் கருவியின் முன்னால் உட்கார்ந்தாள். படலத்துக்கு வெளியே வைத்த மின்காந்தத்தின் புலத்தை மாற்றினால் ஸ்பின் அலையும் இடம் மாற வேண்டும். திரையில் அது அசையவில்லை. காந்தத்தையே அணைத்தாள். அப்போதும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அங்கேயே நின்றது. படலத்துக்குள் எதுவும் ஓடவில்லை. மைக்ரோவேவ் காற்று வழியாகவே ஒரு கோட்டிலிருந்து மற்றதற்குத் தாவியிருக்கிறது.

நடைபாதையில் மாப்பிள்ளையை நிறுத்தினாள்.

"காந்தத்தை அணைச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்க்கா."

"கட்டுரைய அனுப்பறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அவளுக்கு மாசம் நெருங்குது. வேலை உறுதியாகட்டும், நானே சொல்லிடறேன்."

தங்கையின் முகத்தை நினைத்து அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

குழந்தை பிறந்தது. வேலையும் உறுதியானது. ஆய்வகத்தின் அடுத்த கூட்டத்தில் மாப்பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

"நம்ம கட்டுரையில ஒரு தப்பு. இப்பதான் கண்டுபிடிச்சேன். ஆன்டெனா ரெண்டையும் ரொம்பக் கிட்டக்கிட்டப் போட்டிருக்காங்க."

"தன் கட்டுரையில தப்புன்னு தானே சொல்ல ஒரு நெஞ்சு வேணும்" என்றார் பேராசிரியர். கை தட்டினார்கள். 'போட்டிருக்காங்க' யாரென்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கு முன்பே தெரியும் என்று அக்கா சொன்னால், நீ ஏன் மறைத்தாய் என்பார்கள். அக்காவும் தட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை போன் செய்தாள். "அவர் ஒடிஞ்சு போயிட்டார்க்கா. நீ கொஞ்சம் பாத்துப் போட்டிருக்கலாம்ல?"

"குழந்தை தூங்குதா?" என்று மட்டும் கேட்டாள் அக்கா.

கோடுகளைத் தள்ளிப் போட்டாள். நடுவில் உலோகத் தடுப்பு வைத்தாள். அலை மிகச் சிறியதாக வந்தது. காந்தப்புலத்தை மாற்றினாள், அதுவும் நகர்ந்தது. மறுபடி மாற்றினாள், மறுபடி நகர்ந்தது. கூப்பிட்டுக் காட்ட ஆளில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அளவீட்டைப் பார்த்த பேராசிரியர், "பிரமாதம்" என்றார். "மாப்பிள்ளைகிட்ட குடுத்துடுங்க, அவர் எழுதட்டும். பாவம், பேரை மீட்டுக்குவார்."

"இல்ல சார். நானே எழுதறேன்."

"குடும்பத்துக்குள்ள எதுக்கும்மா போட்டி?"

அவள் எழுதினாள். அவள் பெயர் மட்டும் போட்டுக் கட்டுரை வெளிவந்தது. அதற்குப் பிறகு தங்கை போன் எடுக்கவில்லை. குழந்தை எழுந்து நிற்கும் படத்தை, மாப்பிள்ளை அனுப்பியதை, அக்கா பேராசிரியரின் போனில்தான் பார்த்தாள்.

"உங்க ஜாடை" என்றார் அவர்.