விரத நாளில் ஊசி

சர்க்கரை வார்டில் நர்ஸ் மலையாளத்தில் சொல்வதைத் தமிழ் நோயாளிகளுக்கு விளக்க, கரமனையிலிருந்து விசாலம் வாரந்தோறும் பஸ்ஸில் வருவாள். கட்டட வேலை பார்க்கும் பேச்சிமுத்து அன்று இன்சுலின் போடக் கற்றுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை எனக்குப் பட்டினி விரதம், மாமி. ஊசி போட்டா விரதம் முறியாதுல்லா?"

"ஊசியைப் போட்டுண்டு பட்டினி கிடந்தா சர்க்கரை ஒரேயடியா இறங்கி நினைவு தப்பிடும். டாக்டரைக் கேக்காம விரதம் வேண்டாம், கேட்டேளா?"

"ஒரு நாள்ல என்ன ஆயிரப் போவுது? சாமி பாத்துக்கிடாதா?" என்று சிரித்தார் அவர்.

"எங்காத்துக்காரரும் ஏகாதசியன்னிக்கு ஊசியைப் போட்டுண்டு, துளசி தீர்த்தத்தோட இருந்தார். மறுநாள் விரதம் முடிக்கற பாரணைக்கு அவர் இல்லை."

பஸ் நேரம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, விசாலம் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

பேச்சிமுத்து பையைக் கீழே வைத்தார்.

"டாக்டர் எந்த ரூம்ல இருக்காரு, மாமி?"

அவள் திரும்பாமல் கையை மட்டும் நீட்டி அறையைக் காட்டினாள்.