முந்நூறு கிராம் பைகள்

மூன்றாம் கொட்டகையில் அன்று காலை மட்டும் நாற்பத்தொரு குஞ்சுகள் செத்துக் கிடந்தன.

தராசு அவற்றைச் சாக்கில் அள்ளினான். கோழிப்பண்ணையில் அவனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தீவனம் கலக்கும் வேலை. ஒரு கிராம் கூடினாலும் கொட்டிவிட்டு மறுபடி நிறுக்கிறவன். கிண்டலுக்கு வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது. அவனுக்கும் உள்ளுக்குள் அதில் பெருமைதான்.

"நாலு மணிக்கு ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றாள் அக்கா. கூடப் பிறந்தவள். பண்ணையில் தடுப்பு மருந்து போடுவது அவள்தான்.

"எதுக்கு?"

"மாலை போட்டு மரியாதை பண்ணவா கூப்பிடுவாங்க? ஐஸ் உருகினப்புறம் மருந்தைப் போட்டுட்டேனாம். அதான் குஞ்சுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்துடுச்சாம். இன்னியோட வேலைக்கு முழுக்கு."

"பெட்டியைத் தூக்கிட்டு வந்ததே நான்தானே! கடைசிச் சொட்டு வரைக்கும் ஐஸ் கல்லு மாதிரி இருந்துச்சே!"

"அதையும் சொல்லிப் பாத்துட்டேன். 'அக்கா பண்ணின தப்புக்குத் தம்பி சாட்சியா'ன்னு முதலாளியம்மா கேக்கறாங்க." குனிந்து இன்னொரு குஞ்சைச் சாக்கில் போட்டாள். "வேலை போனாப் போகட்டும்டா. மருந்தைக் கெடுத்தவள்னு பேரெடுத்துட்டா வேற எந்தப் பண்ணையில என்னை உள்ள விடுவாங்க?"

பதினெட்டு வருடம். லட்சக்கணக்கான குஞ்சுகளின் கண்ணில் ஆளுக்கொரு சொட்டு விட்ட கை.

பதினொரு மணிக்குக் கால்நடை டாக்டர் வந்தார். கொட்டகைக்குப் பின்னாலிருந்த சிமெண்ட் மேடையில் செத்த குஞ்சைக் கிடத்தி அறுத்தார். தராசுதான் கால்களைப் பிடித்துக்கொண்டான்.

தொண்டையைப் பிளந்ததும் டாக்டரின் கத்தி நின்றுவிட்டது.

"இதைப் பாருங்க."

உணவுக்குழாயின் உள்பக்கம் முழுக்க உப்புத்தூள் தூவியதுபோல் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளங்கள். அடுத்த குஞ்சிலும் அதே. அதற்கடுத்ததிலும்.

"வைட்டமின் ஏ இல்லாத கோழிக்குத்தான் இப்படி வரும். கிருமி முதல்ல வந்து மோதற சுவர் இந்தச் சவ்வு. அது பேர்ந்து கிடக்கு."

"தடுப்பு மருந்துதான் போட்டோமே டாக்டர்?"

"மருந்து எதிரியோட மூஞ்சியைக் காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். சண்டை போட வேண்டியது உடம்பு. பட்டினி கிடக்கிற சிப்பாய்கிட்ட போட்டோவை நீட்டி என்ன பிரயோஜனம்?" டாக்டர் நிமிர்ந்தார். "தீவனம் நீங்கதானே கலக்கறீங்க? வைட்டமின் பொடி சரியாப் போகுதா?"

"ஒரு கிராம் குறையாது டாக்டர்."

"கேள்விப்பட்டிருக்கேன்." கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "வைட்டமினையும் தாதுப்பொடியையும் முன்கூட்டியே ஒண்ணாக் கலந்து வைக்கிறதில்லையே? தாதுப்பொடியில இருக்கிற செம்பு, இரும்போட சேர்ந்து மாசக்கணக்குல கிடந்தா வைட்டமின் செத்துடும். தகரக்கூரை வெக்கைல கேக்கவே வேண்டாம்."

தராசின் பிடியிலிருந்த குஞ்சின் கால் நழுவியது.

"இ... இல்ல டாக்டர்."

"அப்ப மருந்து மேலதான் சந்தேகம் போகுது" என்றார் டாக்டர் வருத்தமாக.

நான்கு மாதங்களுக்கு முன் அவனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். தான் இல்லாத நேரத்தில் எவனாவது நிறுக்காமல் அள்ளிக் கொட்டிவிடுவான் என்ற பயம். நான்கு நாள் உட்கார்ந்து வைட்டமினையும் தாதுவையும் கலந்து, முந்நூறு கிராம் முந்நூறு கிராமாக நிறுத்து, நூற்றிருபது பைகள் கட்டி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி அடுக்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான். திரும்பி வந்த பிறகும் அதையே எடுத்துப் போட்டான். நிறுத்தது நிறுத்ததுதானே!

இதற்கு முந்தைய தொகுதிக் குஞ்சுகள் பிழைத்துக்கொண்டன. அப்போது பைகள் புதிது. மற்ற கொட்டகைகளுக்கு வெளியிலிருந்து தீவனம் வருகிறது. அவன் கையால் தின்றது மூன்றாம் கொட்டகை மட்டும்தான்.

மூன்றரை மணி. கிடங்கில் ஆறு பைகள் மிச்சம் இருந்தன. ஒன்றைப் பிரித்தான். காறிப்போன எண்ணெய் வாடை. தினமும் மூக்கில் ஏறிய வாடைதான். தராசு முள்ளையே பார்த்தவனுக்கு மூக்கு எதற்கு?

பின்பக்கக் குழியில் செத்த குஞ்சுகள் எரிந்துகொண்டிருந்தன. ஆறு பைகளையும் அதில் வீசினால் முடிந்தது. கேட்க ஆளில்லை. பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

ஆபீஸ் ஜன்னலைத் தாண்டும்போது கால் தானாக நின்றது.

உள்ளே முதலாளியம்மாவுக்கும் டாக்டருக்கும் எதிரே அக்கா. ஐஸ் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். அதைத் தன் முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். சொட்டு விடும் குப்பியைப் பக்கத்தில் நேராக நிறுத்தினாள். சாயவே, மறுபடி நிறுத்தினாள்.

புகை கண்ணில் வந்து அடித்தது. அவன் திரும்பி ஆபீஸ் கதவைத் தள்ளினான்.

"வெளிய நில்லுப்பா, பேசிட்டிருக்கோம்ல" என்றார் முதலாளியம்மா.

ஆறு பைகளையும் மேஜைமேல் வைத்தான். "டாக்டர், காலைல உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். நாலு மாசத்துக்கு முன்னாடியே கலந்து வச்சது. நான்தான் வச்சேன்."

டாக்டர் ஒரு பையை மோந்து பார்த்தார். தேதியைப் படித்தார். "லேப்ல சோதிச்சு எழுதித் தரட்டும். எனக்கு இதுவே போதும். இந்தம்மா மேல தப்பில்ல."

முதலாளியம்மா கையை நீட்டினார். "கிடங்குச் சாவி."

இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தான். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைத் தவிர, ஒன்பது வருடத்தில் அது அவன் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை.

"தண்ணியில வைட்டமின் கலந்து கொடுங்க. தேறினதுக்கு மறுபடி மருந்து போடணும்" என்று டாக்டர் அக்காவிடம் சொன்னார். "எல்லாம் பிழைக்காது. பாதிதான்."

வெளியே வந்ததும் அக்கா அவனைப் பார்க்கவே இல்லை. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பத்தடி நடந்தாள். நின்றாள்.

"குஞ்சு பிடிச்சுக் கொடுக்க ஒரு ஆள் வேணும்" என்றாள் திரும்பாமல். "நிறுக்கத் தெரிய வேண்டாம். மெதுவாப் பிடிக்கத் தெரிஞ்சாப் போதும்."

அவன் அவள் பின்னால் மூன்றாம் கொட்டகைக்குள் நுழைந்தான்.