தாய்ச்சாயல்

வெயில் ஏறுமுன் கதிர்களுக்கெல்லாம் உறை போட்டு முடிக்க வேண்டும். ஆறுமுகநேரிக்கு மேற்கே, விதைக் கம்பெனியின் பண்ணையில் சண்முகசுந்தரி குனிந்து ஒரு கொழுக்கட்டைப் புல் கதிரைப் பிடித்தாள். சூல்முடிகள் வெளியே நீட்டியிருந்தன. அதன் சொந்த மகரந்தப்பைகள் இன்னும் வெடிக்கவில்லை. கலப்பு விதைக்காக, எதிர்ப்பாத்தியில் நின்ற உப்புமண் புல்லின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, காகித உறையை மாட்டி நூலைச் சுற்றினாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

அடுத்த பாத்தியில், போன பருவம் அவள் கட்டிய கதிர்களின் விதையில் முளைத்த செடிகள் நின்றன. உப்புமண் புல்லின் நீலம் பாய்ந்த இலை ஒன்றிலும் இல்லை. எல்லாம் தாய்ச்செடியைப் போலவே இருந்தன.

"சுந்தரியக்கா, இங்கன வாங்க." மேற்பார்வையாளன் நேசக்குமார் அந்தச் செடிகளுக்கு நடுவில் நின்றான். "ஒண்ணுகூடக் கலக்கலையே. உறைய லேட்டா கட்டிருக்கீங்க. அதோட மகரந்தமே அதுல விழுந்திருக்கு."

"இல்ல சார். விடிஞ்ச ஒடனே கட்டிருவேன். மரியசெல்வியும் கூடத்தான நின்னா."

பக்கத்தில் உறை கட்டிக்கொண்டிருந்த மரியசெல்வி தலை நிமிராமல் நூலைக் கடித்தாள்.

"பெறவு அப்பன் சாடை எங்க போச்சு? இலைய லேப்புக்கு அனுப்பிருக்கு. ரிசல்ட் வார வரைக்கும் நீங்க வர வேண்டாம்."

வீட்டில் கணவன் பேச்சிமுத்து படுத்திருந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். சிறுநீரகம் கெட்டுப்போய் இப்போது டயாலிசிஸில் இருக்கிறான். அவளுடைய ஈ.எஸ்.ஐ. கார்டில்தான் வைத்தியம் நடந்தது.

"ஏளா, வேலைக்குப் போகலையா?"

"லீவு விட்டிருக்காங்க."

போன் அடிக்கும்போதெல்லாம் பண்ணையிலிருந்தோ என்று ஓடிப்போய் எடுத்தாள். படுத்தால் பாத்திகள் கண்ணில் வந்தன. பேச்சிமுத்துவுக்குக் குளிர்காய்ச்சல் வந்த அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட்டு ஓடினாளே, அன்றைக்குப் பிந்தியிருக்குமோ? ஒரு நாள் பிந்தினாலும் எல்லாக் கதிருமா கெட்டுப்போகும்? யோசிக்க யோசிக்க, தான்தான் கெடுத்துவிட்டோம் என்றே தோன்ற ஆரம்பித்தது.

கடைசியில் பண்ணையிலிருந்து கூப்பிட்டார்கள். ஆராய்ச்சியாளர் அனுசியா முகமெல்லாம் சிரிப்பாக நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்கக்கா. உங்க மேல தப்பே இல்ல. கலப்பு எடுக்குற செடின்னு நம்பித்தான் இத வாங்குனோம். ஆனா இதுக்குள்ள ஒரு ஜீன் இருக்கு. நீங்க எந்த மகரந்தத்தத் தடவுனாலும் கரு அதச் சேத்துக்கிடாது. தாயோட செல்லுலருந்தே கரு உண்டாயிருது. அதான் பிள்ளைக எல்லாம் தாய் மாதிரியே."

சுந்தரிக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்தாள்.

"அப்போ நாளையிலருந்து வரட்டுமா மேடம்?"

அனுசியா பக்கத்தில் நின்ற நேசக்குமாரைப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமினான்.

"இந்தப் புல்லு நல்ல தீவனம்க்கா. வெத மாறாம வாரதால அப்படியே பெருக்கி விக்கப் போறாங்க. உறை கட்டுற வேலையே இனி கெடையாது. கட்டுற ஆளுக எல்லாரையும் நிப்பாட்டச் சொல்லிட்டாங்க."

"எல்லாரையுமா? மரியசெல்வியும்?"

"ஆமா."

"கார்டு, சார்? எங்க வீட்டு அவுகளுக்கு வெள்ளிக்கிழம டயாலிசிஸ் இருக்கே."

"ஆபீஸ்ல கேட்டுப் பாக்கேன்," என்றான், மேஜையைப் பார்த்தபடி.

அவள் வயல் வழியாகவே வெளியே நடந்தாள். எந்தக் கதிரிலும் உறை இல்லை. முற்றிய கதிர்கள் ஒரே உயரத்தில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

வாசலில் காவலாளி செந்தூர்பாண்டி எழுந்து வந்தார்.

"நில்லு தாயி. சேலைல வெத ஒட்டிருக்கு பாரு. கம்பெனி வெத, வெளிய போச்சுன்னா என்னையத்தான் வைவாங்க."

குனிந்து பார்த்தாள். கொசுவமெங்கும் சுணையோடு புல்விதைகள் ஒட்டியிருந்தன. உதறியும் விழவில்லை. அவர் ஒரு டம்ளரை நீட்டினார். சாலையில் அவள் போக வேண்டிய பஸ் நின்று புறப்பட்டது. அவள் ரோட்டோரம் குத்துக்காலிட்டு, விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அந்த டம்ளரில் போட்டுக்கொண்டிருந்தாள்.