உயிரோடிருப்பவருக்கு ஒரு கல்வெட்டு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வீரசிங்கம் ஐயாவைக் கிண்டல் செய்வதற்காகத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன்.

பதுளையில் ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்குக் குறைவில்லை. வாசலில் பெயரைவிட நீளமாகப் பழைய பதவியை எழுதி மாட்டியிருப்பார்கள். வேலையை விட்டுப் பதினைந்து வருடமாகியும் பஸ்ஸின் முன் இருக்கை தமக்கே ஒதுக்கப்பட்டது என்று நம்புவார்கள். அவர்களைப் பற்றி எழுதியே நான் இரண்டு தொகுப்பு போட்டுவிட்டேன்.

வீரசிங்கம் ஐயா மாவட்டச் செயலகத்தில் (எங்களுக்கு அது இன்னும் கச்சேரிதான்) காணிப் பிரிவில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். வாசலில் பெயரே கிடையாது. ஹாலிஎலயில் ரயில் பாதைக்கு மேலே இரண்டு அறை வீடு, இரண்டு நாற்காலி, ஒரு போஞ்சிப் பந்தல். எதைக் கொடுத்தாலும் "போதும்" என்பார். அடிக்கடி ‘போதும்’ என்று சொல்கிற மனிதரைப் போல ஒரு தற்பெருமைக்காரர் இருக்க முடியாது என்பது என் நெடுநாள் கொள்கை. ஊசியைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

சென்ற பெப்ரவரியில், ஒரே நாளில், இரண்டு அழைப்புகள்.

முதலாவது, அவருடைய ஒரே மகள் துஷாந்தினி, கொழும்பிலிருந்து.

"அண்ணா, அப்பாவுக்கு இதயத்தில ஒரு வால்வு சுருங்கிப் போச்சாம். மாத்தலாமாம். மாத்தாட்டி ஒண்டு ரெண்டு வருஷம் எண்டு டொக்டர் சொல்றார்."

"மாத்தினா?"

"பத்து வருஷமும் இருக்கலாம். ஒப்பரேஷன் மேசையிலேயே உயிர் போகவும் கூடுமாம், கிட்னி சரியில்லைத்தானே. இவர் வேண்டாம் எண்டு ஒரு சொல்லில வச்சிட்டார். நீங்கள் சொன்னா கேப்பார்."

இரண்டாவது, அவரே. என்னை எப்போதும் ‘காணும்’ என்றுதான் கூப்பிடுவார்.

"காணும், நேரமிருந்தா ஒருக்கா வாரும். என்ர கல்வெட்டை எழுதவேணும்."

[அடிக்குறிப்பு போல: கல்வெட்டு என்றால் கல்லும் இல்லை, வெட்டும் இல்லை. யாழ்ப்பாணத்தவர் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாளில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கும் சிறு புத்தகம். செத்தவரின் புகழை வெண்பாவில் பாடுவது. பதுளையில் அந்த வேலையைப் பெரும்பாலும் நான்தான் செய்கிறேன். இருப்பவர்களை நக்கலடிப்பேன், போனவர்களைப் புகழ்வேன். இரண்டையும் மாற்றிச் செய்தால் ஊரில் இருக்க முடியாது.]

மகள் அவரைப் பிழைக்க வைக்கச் சொல்கிறாள். அவர் செத்த பிறகு வேண்டியதைக் கேட்கிறார். இருவருக்கும் சரி என்றேன்.

2

தொடக்கம் ஒன்று: மூடுபனி போர்த்திய ஊவாவின் மலைமடியில், தேயிலைத் தளிர்கள்—

(விட்டுவிட்டேன். அன்று நல்ல வெயில், என் வழுக்கையைக் கேட்டால் சொல்லும். தவிர, நான் தெமோதரையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். பனி எங்களுக்கு அழகல்ல, மூக்கொழுகும் தடிமன்.)

தொடக்கம் இரண்டு: மரணம் என்பது—

(இப்படி ஆரம்பித்த வாக்கியத்தை ஒழுங்காக முடித்தவர் எவரையும் நான் கண்டதில்லை.)

தொடக்கம் மூன்று: நான் போனபோது அவர் போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்.

இது பரவாயில்லை. இருப்பது ஒன்றிரண்டு வருடம் என்று சொல்லப்பட்ட மனிதர் கம்பு நடுகிறார் என்றால்... (‘நம்பிக்கையின் குறியீடாக’ என்று ஒரு சொற்றொடர் கதவைத் தட்டியது. துரத்திவிட்டேன். போஞ்சி இரண்டு மாதத்தில் காய்க்கும். அவ்வளவுதான் கணக்கு.)

கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தவர் சிவசக்தி என்ற அம்மாள். மேல் தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்து ஓய்வானவர். நிலம் ஐயாவுடையது, விதை இவருடையது, காயில் ஆளுக்குப் பாதி.

"ஐயா, ஆளு வந்துட்டாரு. இனிமே தைரியமா சாகலாம்," என்றார் என்னைப் பார்த்து.

"நீங்கள் கம்பைப் பிடியுங்கோ."

"பிடிச்சுக்கிட்டுத்தான இருக்கேன். நீங்கதான் பொஸ்தகத்த நெனச்சுக்கிட்டு மண்ணுல குத்துறதுக்குப் பதிலா என் கால்ல குத்தப் பாக்குறீங்க."

3

கல்வெட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஊர்ச்சிறப்பு, பிறகு குலச்சிறப்பு, அப்புறம் அவர் கல்வி, பதவி, ஈகை. கடைசியில் மக்கள் புலம்பல். புலம்ப வேண்டிய பிள்ளைகளுக்கு வேலை அதிகம் என்பதால் அதையும் நானே புலம்பிக் கொடுத்துவிடுவேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஐயா நாற்காலியில் உட்கார்ந்து சிவப்புப் பேனையை எடுத்தார்.

"‘பொன்விளையும் வயல் சூழ்ந்த’. எங்கட ஊரில ஏது காணும் வயல்? பனையும் வெயிலும்தான்."

கோடு.

"‘ஏழைகளின் தோழன்’. இது ஆர் சொன்னது?"

"பொதுவா போடுறதுங்க ஐயா."

"வெட்டும். ‘கொழும்புக்குப் பதவி உயர்வு வந்தும் மலையக மக்களுக்காக அதைத் துறந்த தியாகி’. இதென்ன கூத்து?"

"அது உண்மைதானே? நீங்க போகலையே."

"கொழும்பில வேர்க்கும் காணும். அதாலதான் போகேல்லை."

"நெசந்தாங்க," என்றார் சிவசக்தி. "பிபிலை வெயிலுக்குப் போயிட்டு வந்தாலே ரெண்டு நாளு படுத்துக்கிருவாரு. தியாகியாம்ல."

கடைசியில் அவர் வரலாற்றில் ஆறு வரி மிஞ்சியது. பிறந்தார், வேலை பார்த்தார், நல்லம்மாவைக் கட்டினார், ஒரு மகள், பதுளை பிடித்திருந்தது, போஞ்சி நட்டார்.

"ஆறு வரிய அச்சடிச்சா புத்தகமாகாதுங்க ஐயா."

"ஒரு ஆள் சாகிறதுக்குப் புத்தகம் என்னத்துக்கு?"

"அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?"

அவர் எழுந்து உள்ளே போனார். போன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. சுவரைத் தொட்டுத் தொட்டுப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கல்வெட்டு. ஆறு வருடத்துக்கு முன் காலமான நல்லம்மாவுடையது. நாற்பத்தெட்டுப் பக்கம், பளபளக்கும் அட்டை, மூன்று பிரமுகர்களின் இரங்கற் செய்தி. எழுதியவன் நான்.

"பதினாறாம் பக்கம் வாசியும்."

வாசித்தேன். ‘வீணையில் விரல் நடமிட வீடெல்லாம் இசை மணக்கும் மாதரசி.’

"எங்கட வீட்டில வீணை இருந்ததோ?"

நீங்களே ஊகித்திருப்பீர்கள். அதற்கு மூன்று மாதம் முன்பு பண்டாரவளையில் ஒரு சங்கீத ஆசிரியைக்கு எழுதிய பாட்டு. பெயரை மாற்றினேன், வீணையை மறந்துவிட்டேன். அந்த முப்பத்தோராம் நாளில் இருநூறு பேர் வாங்கிப் போனார்கள், ஒருவரும் கேட்கவில்லை. கல்வெட்டை யார் வாசிக்கிறார்கள் என்ற தைரியம்தானே தொழிலின் அடிப்படை.

"நல்லம்மா பாடினா பக்கத்து வீட்டு நாய் எழும்பிப் போகும்," என்றார். "கல்வெட்டு குடுத்த அண்டைக்கே கண்டனான். காலமையில இருந்து அழுதுகொண்டிருந்தனான், அந்த வரியில சிரிப்பு வந்திட்டுது. அவ இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. உமக்கு நன்றி சொல்லவேணும் எண்டு ஆறு வருஷமா நினைக்கிறன், வாய் வரேல்லை."

ஊசியோடு வந்தவனுக்கு நன்றி சொன்னால் அவன் என்ன செய்வான்? ஊசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். குத்தியது.

"ஆனா காணும், அந்தப் புத்தகத்தில அவ இல்லை. நாலு தரம் தேடினன். தேத்தண்ணிக்குச் சீனி போட்டதை மறந்து திரும்பவும் போடுவா. அது இல்லை. ரயில் போகேக்க கதையை நிப்பாட்டி, போய் முடிஞ்ச பிறகு விட்ட சொல்லில இருந்தே தொடங்குவா. அதுவும் இல்லை. எல்லாத்தையும் போட்டிருக்கிறீர், அவவைத் தவிர. அதால என்ர காரியத்தை நான் இருக்கேக்கையே பாத்துக்கொள்ளுவம் எண்டு யோசிச்சன்."

4

கதையை இங்கே நிறுத்தியிருந்தால் எல்லாருக்கும் நல்லது. எளிமையான மனிதர், மனந்திருந்திய எழுத்தாளன், சிரிப்பு, கண்ணீர். ஆனால் எனக்குச் சந்தேகம் வந்தது. குறையே இல்லாத பாத்திரத்தை நம்பி எந்த வாசகரும் தேநீர் கூடக் குடிக்க மாட்டார். குறையைத் தேடினேன். கிடைத்தது.

"ஒப்பரேஷன் செய்ய பயமாங்க ஐயா?"

"பயம்தான். செய்யாட்டியும் பயம்தான். படி ஏறேக்க மூச்சு வாங்கும், அப்ப நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு யோசிப்பன், இதுதானோ எண்டு. பிறகு மூச்சு வரும். வந்த உடனே பாரும், எல்லாம் நல்ல வடிவாத் தெரியும். பாண்காரன் கூவிக்கொண்டு போறது, உவ என்னைப் பேசுறது, எல்லாம்."

"பேசாம என்ன செய்ய? சொல்பேச்சுக் கேட்டாத்தானே," என்றார் சிவசக்தி.

"எனக்கு எழுபத்தஞ்சு. காலமை எழும்பேக்க இன்னும் ஒருநாள் இருக்கு எண்டு சந்தோஷமா இருக்கு. இன்னும் பத்து வருஷம் வாங்கப் போய், இந்த ஒரு வருஷத்தை வயர் பூட்டின கட்டிலில குடுக்க எனக்கு விருப்பமில்லை. இது போதும் காணும்."

எத்தனையோ பேர் சொல்லக் கேட்ட சொல். கையில் எதையும் பிடித்துக்கொள்ளாமல் ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். ஓட்டை தேடிப் பார்த்தேன், இல்லை. அவரை மாற்ற வந்த நான் மாறிவிட்டேன். ஆனாலும் கேட்டேன்.

"இதைத் துஷாந்தினிகிட்ட இப்படிச் சொன்னீங்களா?"

அவர் குனிந்து ஒரு கம்பை அசைத்துப் பார்த்தார். அது உறுதியாகத்தான் நின்றது.

"போனில இதெல்லாம் கதைக்கேலாது."

அதுதான் குறை. முப்பத்தெட்டு வருடம், யார் என்ன மனு கொண்டுவந்தாலும் கடைசி வரி வரை வாசித்தே பதில் எழுதியவர், சொந்த மகளின் மனுவுக்கு ஒற்றைச் சொல் எழுதி மூடிவிட்டார்.

5

அந்தச் சனிக்கிழமை துஷாந்தினி வேனோடு வந்தபோது நானும் அங்கிருந்தேன். திங்கட்கிழமை சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்க்க நேரம் எடுத்திருந்தாள். சாரதி ரிப்கான் எஞ்ஜினை நிறுத்தாமலே காத்திருந்தான்.

நாற்காலியில் என் தாள்கள் கிடந்தன. மேலே இருந்தது மக்கள் புலம்பல். ஐயா எல்லாப் பக்கத்தையும் வெட்டியவர், அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டாமல் ஓரத்தில் ‘இது மகள் எழுதவேண்டியது’ என்று குறித்திருந்தார். அவள் அதை எடுத்தாள். உரத்தே வாசித்தாள்.

"‘ஆலமரம் சாய்ந்ததுவோ, அப்பாவே எங்கு சென்றாய்...’"

"எங்கயும் போகேல்லை பிள்ளை," என்றார் பந்தலின் கீழிருந்து. "தண்ணி ஊத்துறன்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அவள் சிரிக்கவில்லை.

"அப்பா, நீங்கள் நிம்மதியாச் சாகிறதுக்கு ஆயத்தம். எனக்குத் தெரியுது. பிறகு இருக்கப்போறது ஆர்? நான். என்ர நிம்மதியை ஆரிட்டைக் கேக்கிறது?"

பூவாளியிலிருந்து தண்ணீர் ஒரே இடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தது. அவரை நான் மிகவும் மதித்தது அந்த நிமிடத்தில்தான். உடனே ஒரு தத்துவத்தை எடுத்து நீட்டவில்லை. விழித்துக்கொண்டு நின்றார்.

நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க கம்முனு இருங்க," என்றார் சிவசக்தி.

துஷாந்தினி தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். நிறைய நேரம் எழுதினாள். சிவசக்தி தேத்தண்ணி போட்டு வேனுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். ரிப்கான் எஞ்ஜினை நிறுத்தினான். எழுதி முடித்ததும் அவள் தாளைக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டி, கச்சேரியில் மனு வாசிக்கும் குரலில், நின்றபடியே வாசித்தார்.

"‘அப்பா, வால்வை மாத்தச் சொல்லி இனிக் கேக்கமாட்டன். திங்கக்கிழமை டொக்டருக்கு முன்னால, என்னைப் பக்கத்தில இருத்திவைச்சு, ஏன் வேண்டாம் எண்டு முழுக்கச் சொல்லுங்கோ. அவர் சொல்றதையும் முழுக்கக் கேளுங்கோ. பிறகும் வேண்டாமெண்டா நானே திருப்பிக் கொண்டுவந்து விடுறன். இதையும் மாட்டன் எண்டு சொன்னா, டொக்டர் சொல்றதைக் கேட்டிருந்தா அப்பா மனம் மாறியிருப்பாரோ எண்டு நான் சாகிற வரைக்கும் யோசிச்சுக்கொண்டிருப்பன்.’"

வெண்பா இல்லை. எதுகை மோனை இல்லை. இருபது வருடமாக நான் பிறருக்காகப் புலம்பிக் கொடுத்ததில் இதில் பாதி கனம் உள்ள ஒரு வரி கிடையாது.

ஐயா பேனையை எடுத்தார். அவள் எழுதியதற்குக் கீழே, பூவாளியைக் கவிழ்த்து அதன்மேல் தாளை வைத்து, ஒரு வரி எழுதினார். இரண்டு முறை நிறுத்தினார். எதையும் வெட்டவில்லை. மடித்து அவளிடம் கொடுத்தார்.

6

முடிவுகள் சிலதை எழுதிப் பார்த்தேன்.

அ) அவர் வேனில் ஏறுகிறார். தியத்தலாவை தாண்டி இறக்கத்தில் வேர்க்கத் தொடங்குகிறது. திங்கட்கிழமை முழுக்கச் சொல்கிறார். செவ்வாய்க்கிழமை பந்தலுக்குத் திரும்புகிறார்.

ஆ) முழுக்கச் சொல்லப் போனவர் முழுக்கக் கேட்கிறார். கேட்ட பிறகு, மகளின் முகத்தைப் பார்த்து, மேசையில் ஏறச் சம்மதிக்கிறார். அதன்பிறகு—

(இல்லை. அந்தச் சத்திரசிகிச்சை அறைக் கதவுக்குள் நான் போகமாட்டேன்.)

இ) வேன் அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு கீழே இறங்குகிறது. அவர் ரயில் பாதை வரை நடந்து வந்து கையசைக்கிறார். இதுவும் அன்புதான் என்று நான் இரண்டு பக்கம் வாதாடுகிறேன். வாசகர் நம்பவில்லை. நானும்.

தாளை அவர் மடித்துக் கொடுத்ததுமே நான் கிளம்பி வந்துவிட்டேன். அதன்பிறகு அந்தப் பக்கம் போகாமல், மூன்றையும் வைத்துக்கொண்டு இந்த ஒரு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன். அந்த வரி என்னவென்று துஷாந்தினியிடம் கேட்கலாம், சொல்லுவாள். கேட்கவில்லை. ஆறடி தூரத்தில் இருந்தும் எட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் என் எழுத்து வாழ்க்கையில் நான் செய்த ஒரே நாகரிகமான காரியம். அதைக் கெடுப்பதாக இல்லை.

ஆகவே அந்த ஒரு வரியை நீங்கள் எழுதுங்கள். பெரிதாகத் திறமை வேண்டாம். தாளில் அவள் எழுத்துக்குக் கீழே இரண்டு விரல் இடம் இருக்கிறது. அவள் எதிரே நிற்கிறாள், உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.