பெட்டி பிரிக்காத இரண்டு ஃபில்டர்கள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. 'மனித மனம் ஒரு விசித்திரமான...' என்று கண்ணியமாகத் தொடங்கிப் பார்த்தேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. கோபம் இரண்டு பேர் மேல். ஒருவர் என் அக்காவின் கணவர். இன்னொருத்தி நான்.

எழுதட்டுமா என்று கேட்டபோது அக்கா ஒரே நிபந்தனை போட்டாள். "எழுது. ஆனா கடைசியில அவரை நல்லவரா ஆக்கிடாத. உன் கதையில எல்லாரும் கடைசிப் பக்கத்துல திருந்திடறாங்க."

2

முதல் தொடக்கம்: 'அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அந்தி வானத்தைப் போல...' வேண்டாம். கார் கார்தான். இருபத்தெட்டு வருடப் பழசு, இரண்டே இருக்கை, கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்த காலத்தது. அத்தான் அதை யாரையும் தொட விடமாட்டார். பெட்ரோல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டையும் இந்த வருடம் தானே மாற்றியதாக, குடும்பம் கூடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தொடக்கம்தான் உண்மையில் நடந்தது. கண் டாக்டர் அத்தானுக்குச் சொட்டு மருந்து விட்டிருந்தார், பார்வை மங்கல். அதனால் அன்று மட்டும் சாவி அக்கா கைக்கு வந்தது. அத்தான் பக்கத்து இருக்கையில். ஊருக்கு வெளியே ஒரு லாரியைத் தாண்டப் போனாள். பாதி தாண்டியபோது கார் சோர்ந்துபோனது. எதிரே பஸ். அக்கா சாலையை விட்டு இறக்கிப் பாலத்துச் சுவரில் முட்டி நிறுத்தினாள். இரண்டு பேரும் பிழைத்தார்கள். அவளுடைய வலது மணிக்கட்டு உடைந்தது.

அக்கா ஒரு லேபில் பல்செட் செய்கிறவள். மெழுகில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்கும் வேலை. அந்தக் கை இல்லாமல் அவள் வேலை இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அத்தான் வரிசையாகப் போன் செய்தார். முதலில் அம்மாவுக்கு, பிறகு பெரியப்பாவுக்கு, பிறகு அக்காவின் லேப் முதலாளிக்கு, கடைசியில் எனக்கு. எல்லோரிடமும் ஒரே வாக்கியம்: "பயந்துபோய் ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டா."

'நான் அழுத்தினேன், வண்டிதான் போகவில்லை' என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுடைய கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டே நான் சொன்னேன்: "விடுக்கா. எல்லாருக்கும் எல்லாம் வராது."

[இந்த வரியை மூன்று முறை அடித்து நீக்கினேன். நான்காவது முறை வெட்கப்பட்டு அப்படியே விட்டேன்.]

3

அத்தானை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு பிரதியில் அவருக்கு முரட்டு மீசை வைத்துக் கத்தவிட்டேன். அது எழுதுகிறவளுக்கு வசதி. நிஜத்தில் அவர் கத்தியதே இல்லை. கட்டுப் போட்டிருந்த பதினோரு வாரமும் தினமும் காலையில் அக்காவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டார். பின்னல் கோணலாக இருந்தால் அவிழ்த்து மறுபடி பின்னினார்.*

* இதைப் படித்து உங்களுக்கு மனம் இளகினால் சற்றுப் பொறுங்கள். எனக்கும் இளகியது. அதுதான் எரிகிறது.

4

கட்டுப் பிரித்த வாரத்தில், அத்தான் வேலைக்குப் போன பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டாள். தகரம் தட்டிச் சரிசெய்த கார் ஷெட்டில் நின்றது. அவள் கையில் அதன் பழைய கையேடு. ஸ்பேனர் தேடி அலமாரியில் பெயின்ட் டப்பாவை நகர்த்தியபோது, பின்னால் இரண்டு அட்டைப்பெட்டிகள். ஒன்றில் புது பெட்ரோல் ஃபில்டர், ஒன்றில் ஏர் ஃபில்டர். ஒட்டிய டேப்கூடப் பிரியவில்லை.

அக்கா காரின் இன்ஜின் மூடியைத் தூக்கினாள். உள்ளே ஏர் ஃபில்டர் உட்காரும் பெட்டியின் கிளிப்புகளை இடது கையால் தட்டித் திறந்தாள். உள்ளே கறுத்த அட்டை மாதிரி ஒன்று, ஓரத்தில் குளவி கட்டிய மண்கூடு.

பெட்ரோல் ஃபில்டர் காருக்கு அடியில், டேங்க் அருகே இருந்தது. குழாயில் அழுத்தம் இருக்கும், அப்படியே கழற்றினால் முகத்தில் பீய்ச்சும். அதனால் பம்ப்பின் ஃப்யூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட்டாள். பேட்டரி வயரைக் கழற்றினாள். காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். அவள் கையில் இன்னும் வலு இல்லை. அடியில் படுத்தது நான். ஒரு ஸ்பேனரால் ஃபில்டரைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருப்பச் சொன்னாள். நட்டிலிருந்து ஃபில்டர் வரை யாரோ எப்போதோ இழுத்த மஞ்சள் பெயின்ட் கோடு விரிசல்கூட விடாமல் இருந்தது. ஒருமுறை திருப்பியிருந்தாலும் அது உடைந்திருக்கும்.

கழற்றியதை வெள்ளைத் தட்டில் கவிழ்த்தோம். கறுப்புச் சேறு. அடிப்பக்கத்தில் பொறித்திருந்த வருடம் பதினோரு வருடத்துக்கு முந்தியது. மெதுவாகப் போகும்போது இந்த அடைப்பு வழியே வரும் பெட்ரோல் போதும். அழுத்தும்போது பெட்ரோல் போதாமல் இன்ஜின் சோர்ந்துவிடும். அவள் காலை எடுக்கவே இல்லை.

புதியதை நான் தலைகீழாக மாட்டப் பார்த்தேன். அதிலிருந்த அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்கவேண்டுமாம். "உனக்கும் எல்லாம் வராதுடி" என்றாள்.

கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு அதே சாலைக்குப் போனோம். அவள்தான் ஓட்டினாள். ஒரு லாரி வந்தது. அழுத்தினாள். போனது.

5

சாயந்திரம் அத்தான் வந்ததும் தட்டைப் பார்த்தார். மாற்றத்தான் வாங்கியதாகவும், நேரம் கிடைக்கவில்லை என்றும், எல்லோரிடமும் சொல்லிவிட்டதால் மாற்றிய மாதிரியே ஆகிவிட்டது என்றும் சொன்னார். அக்கா ஃபில்டரைப் பற்றிக் கேட்கவில்லை.

"வண்டிதான் நின்னதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அங்கயே. சுவத்துல முட்டின உடனே."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வாயில வந்துடுச்சு. சொன்னப்புறம் மாத்த முடியல."

"பதினோரு வாரம் என் தலையைப் பின்னினீங்க."

அவர் தலை குனிந்தது. 'அந்தக் குனிந்த தலையில் ஒரு...' இல்லை. அவருக்கு இந்த இடத்தில் அழகான வாக்கியம் தரமாட்டேன்.

6

அதே ஆட்களுக்கு, அதே வரிசையில் போன் செய்யச் சொன்னாள். ஸ்பீக்கரில். செய்தார். "அவ காலை எடுக்கல. தப்பு என்னோடது."

வேண்டுமென்றா செய்தீர்கள் மாப்பிள்ளை, விடுங்கள் என்று அம்மா அவரைத் தேற்றினாள். இதைச் சொல்லவும் ஒரு மனசு வேண்டும் என்று பெரியப்பா பாராட்டினார். லேப் முதலாளி, அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டதே என்றார். மூன்று பேரில் ஒருவர்கூட அக்காவிடம் பேசவேண்டும் என்று கேட்கவில்லை.

நான்காவது நான். அதே அறையில், அவருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். என் கையில் போன் அடிக்கிறது. எடுக்கிறேன். அவர் அதே வாக்கியத்தை என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். அக்கா என்னையே பார்க்கிறாள்.

என் வாயில் முதலில் வந்தது 'பரவாயில்ல அத்தான்'. அந்த வரியை அடித்துவிட்டேன். அதன் கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் வாயில் என்ன வருகிறதோ எழுதுங்கள். எழுதியதை என்னிடம் காட்டவேண்டாம். அவளிடம் காட்டுங்கள்.